ஷிப்ட் வீட்டுத் தூக்கம்

2024 ஆகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஒன்றில், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பிரவீன்குமார் இறந்தான். வலி மாத்திரையைப் போதைக்காக எடுத்திருந்தான் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

அவன் அப்பா ஜெயராமன் சுரங்கத்தில் பெர்மனென்ட் தொழிலாளி. ராஜபாளையத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடும்பமானவர். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலில் தூங்கினால்தான் மறுபடி மிஷினில் உட்கார முடியும். அதனால் ஷிப்ட்காரர் வீடுகளில் தூங்குகிறவரை எழுப்ப மாட்டார்கள். ஜெயராமன் வீட்டில் அவர் படுத்துவிட்டால் குக்கர் வைப்பதில்லை; டிவி ஊமையாக ஓடும். பிள்ளைகள் இரண்டும் பேச்சு வந்த நாளிலேயே கிசுகிசுக்கவும் கற்றுக்கொண்டன.

அந்த ஞாயிறு ஜெயராமனுக்கு முதல் ஷிப்ட்; விடியுமுன்பே போய்விட்டார். காலையில் பிரவீன் பெருங்குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். விடியவிடியப் படித்திருப்பான் என்று நினைத்து அம்மா நாகம்மாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். மதியம் குறட்டை நின்றது. பிள்ளை இப்போதுதான் அயர்ந்து தூங்குகிறான் என்று கதவைச் சாத்தினாள். ஷிப்ட் முடிந்து வந்த ஜெயராமன்தான் தொட்டுப் பார்த்தார்; மூச்சு இல்லை.

மருத்துவமனையில் டாக்டர் அவரை மட்டும் தனியே அழைத்துச் சொன்னார்: "அது குறட்டை இல்லைங்க. மூச்சு அடைச்சு இழுத்திருக்கு. அப்பவே தட்டி எழுப்பித் தூக்கிட்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

வெளியே வந்த ஜெயராமன் அதை யாரிடமும் சொல்லவில்லை. "தூக்கத்துலயே போயிட்டான் நாகு. கஷ்டப்படல" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

தீபாவளி கழிந்து ஒரு சாயங்காலம் மணிமாறன் வந்தான். பிரவீனோடு படித்தவன், கான்ட்ராக்ட் தொழிலாளி கண்ணையனின் மகன். பிரவீனிடம் வாங்கிப் போயிருந்த கிரிக்கெட் பேட்டைக் கொடுக்க வந்திருந்தான்.

"என்னடா இப்படி ஆயிட்ட? வயக்காட்டுக் கொக்கு உன்னவிடச் சதையா இருக்கும்" என்றாள் நாகம்மாள்.

"நல்லாத்தான் சாப்புட்டுகினு இருக்கேன் ஆன்ட்டி."

"பாத்தாலே தெரியுது. உக்காரு, டீ போடுறேன்."

அவள் உள்ளே போனதும், மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் அகிலாவைப் பொருட்படுத்தாமல் ஜெயராமன் கேட்டார்.

"நீயும் மாத்திரை போடுறியா?"

"உட்டுட்டேன் அங்கிள்."

"உங்கப்பன்கிட்ட போக மாட்டேன். போலீசுக்கும் போக மாட்டேன். எனக்கு உண்மை வேணும்."

மணிமாறன் பேட்டின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான். "எப்பனா ஒருக்கா. தனியா இல்ல அங்கிள், எங்க க்ளாஸ் அறிவுச்செல்வன் கூட இருப்பான். எவனுக்குனா ஓவராயிட்டா படுக்க வெச்சிடுவோம். தூங்கி எழுந்தா சரியாப் பூடும். அன்னிக்குப் பிரவீனையும் அப்படித்தான், வூட்ல போயித் தூங்குடான்னு அனுப்பினோம்."

ஜெயராமன் சமையலறைப் பக்கம் பார்த்தார். "வா, வெளிய நடந்துகிட்டே பேசுவோம்" என்று எழுந்தார். அதற்குள் நாகம்மாள் டீயோடு வந்துவிட்டாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எதுக்கு வெளிய? டாக்டர் உங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாருல்ல, அத இங்கயே சொல்லுங்க. இவனுக்குப் பயம் வரட்டும். அகிலாவும் கேக்கட்டும்."

"அப்புறம் சொல்றேன்."

"எப்ப? இவனும் போனப்புறமா?"

மணிமாறன் தலையைத் தூக்கினான். "அவன் தூக்கத்துலதான அங்கிள் போனான்? வலிச்சிருக்காது இல்ல?"

பையன் அதை நம்பிக்கையோடு கேட்டான். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது தான்தான் என்பது ஜெயராமனுக்கு அப்போது உறைத்தது. மனைவியின் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"அது தூக்கம் இல்லடா. மாத்திரை போட்டவன் அப்படிக் குறட்டை விட்டா மூச்சு அடைக்குதுன்னு அர்த்தம். படுக்க வெச்சிட்டுப் போகக் கூடாது. தட்டி எழுப்பணும். எழும்பலன்னா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு உடனே 108க்கு அடிக்கணும். எவன் திட்டினாலும் சரி. காலையிலயே எழுப்பித் தூக்கிட்டு வந்திருந்தா பிரவீனக் காப்பாத்தியிருக்கலாம்னாரு டாக்டர்."

வாசலில் கம்பெனி பஸ் ஒன்று போயிற்று.

"நான் திரைய இழுத்துவிட்டேன்" என்றாள் நாகம்மாள்.

"அன்னிக்கு நான் எழுப்பவான்னு கேட்டேம்மா" என்றாள் அகிலா. அவள் குற்றம் சாட்டவில்லை. இத்தனை மாதமாக அவளும் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

நாகம்மாள் டீ டம்ளர்களைக் கீழே வைத்தாள். புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதானா ஊர்ல எல்லார்கிட்டயும் என்னையச் சொல்ல விட்டீங்க, கஷ்டப்படாமப் போனான்னு?"

மணிமாறன் அழுதுகொண்டே செருப்பை மாட்டினான்.

அடுத்த வாரம் அவனே தன் அப்பாவிடம் சொன்னான். கண்ணையன் முதலில் அடித்தார்; பிறகு போதை மீட்புச் சிகிச்சைக்குக் கடலூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அறிவுச்செல்வன் போகவில்லை.

நாகம்மாள் திருக்கார்த்திகைக்கு முன்பே ராஜபாளையத்துக்கு, தன் தம்பி வீட்டுக்குப் போனாள். அகிலா அப்பாவோடு இருந்து பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள். நாகம்மாள் திரும்பி வரவில்லை.