அச்சிடலாம்

காலை ஏழு நாற்பது. தைசியா ஆறாவது முறையாக அதே பக்கத்தை அச்செடுத்து அப்பாவின் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

படுக்கையில் கிடந்த வெனியமின் வெகுநேரம் பார்த்தார். மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாக்கியம் தடியா இருக்கு. சூத்திரம் நோஞ்சானா இருக்கு. ஒரே பக்கத்துல ரெண்டு வீட்டு ஆளுங்க."

"படிக்கிறவங்க கவனிக்க மாட்டாங்கப்பா."

"நான் படிக்கிறேன்ல."

அவருடைய கணித நூல் அது. கடைசி மெய்ப்புப் படியில் அவரே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் நோவோசிபிர்ஸ்க் அச்சகத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வருடம்தான். மருத்துவர் அடுத்த வாரத்தைப் பற்றிக்கூடப் பேசவில்லை.

"போட்டுத் தொலையேன், வேனியா," என்றாள் அம்மா ரிம்மா. "கல்யாணப் பதிவேட்டுலயே அரை மணி நேரம் யோசிச்ச ஆளு."

"அதுலயும் எழுத்து சரியில்ல."

தைசியா பக்கத்து அறைக்குப் போனாள். சூத்திரங்களின் எழுத்துருவில் ரஷ்ய எழுத்துகளே இல்லை. கணினி சொல்லாமல் வாக்கியங்களுக்கு வேறோர் எழுத்துருவை இட்டு நிரப்பியிருந்தது. இப்போதுதான் கண்டாள். இரண்டையும் சேர்த்தே வரைந்த எழுத்துரு ஒன்று ஒன்பது மணிக்குக் கிடைத்தது. மாற்றினாள். முந்நூறு பக்கமும் நகர்ந்தன. ஓரம் தாண்டிய சூத்திரங்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தாள்.

பத்தே முக்காலுக்குத் தாள் சூடாக வந்தது. வரியின் நடுவே சூத்திரம் பக்கத்துச் சொல்லின் உயரத்தில், அதே கனத்தில் நின்றது.

கூடத்து நிலைக்கண்ணாடியைப் போர்வை மூடியிருந்தது; சாவு விழுந்த வீட்டு வழக்கம். அம்மா அதன் ஓரத்தை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ஏன் கூப்பிடல?" என்றாள் தைசியா.

"கூப்பிடத்தான் எழுந்தேன். அவ வேலைய முடிக்கட்டும்னுட்டார்."

தொலைபேசி அடித்தது. அச்சகத்திலிருந்து கிளெப் ரோமானொவிச்.

"என்னம்மா, பெரியவர் மனசு வச்சாரா?"

தைசியா படுக்கையறைக் கதவைப் பார்த்தாள்.

"பத்து நிமிஷத்துல சொல்றேன்," என்று வைத்துவிட்டாள்.

ரிம்மா தாளை வாங்கி, அவரைப்போலவே கையை நீட்டி, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். தட்டச்சு நாட்களில் அவர் விட்டுவைத்த இடங்களில் சூத்திரங்களைக் கறுப்பு மையால் எழுதியவள் அவள்தான். முப்பது வருடம். அவர் கையெழுத்து அவள் கைக்கும் வரும்.

"இப்போ ஒரே வீட்டு ஆளுங்க," என்றாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். 'அச்சிடலாம்' என்ற சொல் அவருடைய சாய்வோடு விழுந்தது. அடியில் கையெழுத்து. பேனா தாளுக்கு மேலே நின்றது.

"தேதி? இன்னிக்குப் போடவா, நேத்துப் போடவா?"