வாத்தியார் எழுதிக் கொடுத்த தாள்

...எழுதியது யாரென்று இன்னும் யோசிப்பானேன், அந்த ஒரு வரியே காட்டிக்கொடுத்துவிட்டதே, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் சொன்னது "டெஸ்டிங் பாதியில நிக்குது, முடிஞ்சுதுன்னு போர்டுல பொய்யா ஒட்டறோம்" என்றுதான், ஆனால் சற்றுமுன் இயக்குநர் தன் அறையில் வாசித்த தாளில் அது "சோதனைகள் நிறைவடையாத நிலையில் பணி முடிந்ததாகக் காட்டப்படுவதாக அவர் கருதுகிறார்" என்று ஒற்றுப்பிழைகூட இல்லாமல் இருந்தது, இந்த அலுவலகத்தில் அப்படி எழுத ஒரே ஆள்தான், வாத்தியார், எல்லோருடைய மின்னஞ்சலையும் திருத்துவதால் வந்த பெயர், பன்னிரண்டு வருடமாக அவளுக்குப் பக்கத்து மேசை, இதோ காலைக் கூட்டத்துக்கு வேலைச் சீட்டுகள் ஒட்டிய பலகையைச் சுற்றி நிற்கிற ஒன்பது பேரில் அவளுக்கு நேர் எதிரே, காப்பிக் கோப்பையோடு, ஒன்றும் நடக்காதது போல...

புது முறையை அவள் வெறுத்தாளா? இல்லையே, முன்பெல்லாம் ஒரு வருடம் நிரல் எழுதி, கடைசி மூன்று மாதம் அவள் சோதித்துச் சரியென்றால்தான் மென்பொருள் வெளியே போகும், இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், அதற்குள்ளேயே எழுதிச் சோதித்து முடிக்க வேண்டும், பிழை மூன்றாம் நாளே பிடிபடுவது அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் நாட்களை மட்டும் குறைத்துவிட்டு வேலையைப் பழைய அளவிலேயே தலையில் கொட்டினால் எதைச் சோதிப்பது, எதை விடுவது, எந்த நோயாளிக்கு எவ்வளவு மருந்து என்று ஆஸ்பத்திரியில் காட்டப்போகிற திரையாயிற்றே... அவளாகவா பேசினாள்? வாத்தியார்தானே படிக்கட்டில் நிறுத்தி, "நீங்க சொன்னாத்தான்க்கா எடுபடும், நீங்க ஆரம்பிங்க, பின்னாடியே நான் பேசறேன்" என்றது, கூட்டத்தில், புது முறையைப் பழக்க வந்த கோச்சும் கதவைச் சாத்திவிட்டு, "இங்க பேசறது இந்த ரூமைத் தாண்டாது" என்றாரே, பேசினாள், பேசிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள், அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார், கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி... அதற்குப் பலன், "உங்களுக்கு இந்த முறை ஒத்துவரலைன்னு தெரியுது, திங்கள்லேர்ந்து பழைய ஆவணங்களைப் பார்த்துக்கங்க" என்று இயக்குநர், எவ்வளவு தன்மையாக, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டு...

ஒவ்வொருவராய் வேலை நிலவரம் சொல்லி வர, வாத்தியார் முறை, "மருந்தளவுத் திரை முடிஞ்சுது, தடை எதுவும் இல்ல", அடப்பாவி, வாய் கூசவில்லையா, இத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்துவிடலாமா, நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எல்லோரும் அவளையே பார்த்தார்கள், அவள் முறை, "திங்கள்லேர்ந்து நான் இந்த டீம்ல இல்ல" என்று மட்டும்தான் வந்தது.

"என்னக்கா சொல்றீங்க?" வாத்தியார் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார். "எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா வாத்தியாரே?"

"சத்தியமாத் தெரியாதுக்கா. எழுதிக் கொடுத்தா நாள் கூட்டித் தருவாங்கன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார், காது மடல்வரை சிவந்துவிட்டது, எனக்குப் பேச வாய் வரல, அதான் எழுதினேன் என்று முணுமுணுத்தார், அவர் பெயரையும் அதில் ஏன் போடவில்லை என்று கேட்கலாம், கேட்டால் தலை குனிந்துகொள்வார், வேண்டுமென்றே குழி பறித்திருந்தால் ஒரேயடியாக வெறுத்துவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம், அதற்கும் வழியில்லாமல், அவர் சொல்வதை அவள் நம்பினாள், ஒரு நொடிகூட யோசிக்காமல், வெள்ளிக்கிழமை படிக்கட்டில் நம்பியதைப் போலவே...