அவ்வளவு மோசமில்லை

எங்கள் ஊருக்கு வெளியாள் யார் வந்தாலும் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்னப்பா, வழி தவறிட்டியா?" பிறகு ஆளுக்கொன்றாக எடுத்துவிடுவோம். நெடுஞ்சாலை அந்தப் பக்கம் இருக்கிறது, இருட்டுவதற்குள் போய்விடு. இங்கே மழை மேகம்கூட நிற்காது, லியேஜ் நகரத்துக்குப் போய்த்தான் பெய்யும். வந்தவர் சிரித்துவிட்டு, "சேச்சே, ஊர் அவ்வளவு மோசமில்லையே" என்று சொல்ல வேண்டும். சொன்னதும் எங்களில் ஒருவர் அவருக்கு பீர் வாங்கிக் கொடுப்பார். அத்துடன் அவர் எங்கள் ஆள். இதைத் தவிர வேறு வரவேற்பு எங்களுக்குத் தெரியாது. இரும்பாலை உலைகள் எரிந்துகொண்டிருந்த காலத்தில் ஆரம்பித்த வழக்கம். அப்போது சொன்னதெல்லாம் பொய் என்பதால் சொல்வது சுலபமாக இருந்தது.

என் கஃபே இரும்பாலையின் மூன்றாம் வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. வாசல் மட்டும்தான் மிச்சம். அதன் பின்னால் ஆலை இருந்த இடத்தில் பிர்ச் மரங்கள் தாமாக முளைத்து நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் அவை மஞ்சளாகும்போது, பழைய உலைதான் சத்தமில்லாமல் எரிகிறதோ என்று எனக்குத் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் தினமும் வந்து உட்காரும் நுன்சியோ ஒரு மாதத்துக்கு என்னை ஓட்டுவான்.

லாம்பேர் அந்த ஆலையில் கிரேன் ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருக்கிறார். அவருடைய வீட்டுச் சுவரோடு ஒட்டிய பக்கத்து வீடு காலி. அதன் சொந்தக்காரர்கள் ஸ்பெயினில் இருக்கிறார்கள். விற்கும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தினமும் காலையில் போய் ஜன்னல் ஷட்டர்களைத் தூக்கிவிடுவார், சாயங்காலம் இறக்கிவிடுவார். வீட்டில் ஆள் இருப்பதாக நினைத்துச் செம்புக் குழாய் திருடர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்பது கணக்கு. அவர் ஒழுங்காகச் செய்ததால் அந்தத் தெருவில் குழாய்கள் மிஞ்சியிருந்த காலி வீடு அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை பளிச்சென்று சவரம் செய்துகொண்டு கஃபேக்கு வந்தார்.

"நாளைக்கு ஒரேலியும் மாப்ளையும் வர்றாங்க. பக்கத்து வீட்டைப் பாக்க."

ஒரேலி அவருடைய ஒரே மகள். லூவென் நகரத்தில் கணவனோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பம்.

"வாங்கவா?" என்று கேட்டேன்.

"பாக்க. பிடிச்சா வாங்க." கல்லாவின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "அங்க விக்கிற விலைக்கு இவங்களால ஒரு கார் ஷெட்டுகூட வாங்க முடியாது. இங்க வந்தா சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை அழுதாக்கூட எனக்குக் கேக்கும், ஜோசியான்."

மூலை மேஜையிலிருந்த நுன்சியோ, "கண்ணாடியைக் கழட்டிட்டு வீட்டைப் பாக்கச் சொல்லு" என்றான். அவன் அப்பா சிசிலியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எங்களில் ஊரை அதிகம் திட்டுவது அவன்தான்.

"இதைச் சொல்லத்தாண்டா வந்தேன்" என்றார் லாம்பேர். "அவங்களை இங்க சாப்பிடக் கூட்டிட்டு வர்றேன். மாப்ள இதுவரைக்கும் கிறிஸ்துமஸுக்கு வந்து ராத்திரியோட போனவரு, நம்ம பேச்சு பழக்கமில்ல. பாலத்துல விரிசல் இருக்கான்னு பாக்குற வேலை. சொல்றதை அப்படியே எடுத்துக்குவாரு. நாளைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், ஊரைப் பத்தி உங்க வாயைத் திறக்காதீங்க."

"அப்ப என்னதான் பேசறது?" என்று கேட்டார் ஜில்பேர். அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நல்லதா எதாவது."

இருவரும் யோசித்தார்கள். ஜில்பேர் கூரையைப் பார்த்தார். கடைசியில் நுன்சியோ, "வண்டி நிறுத்த இடம் நிறைய இருக்கு" என்றான்.

சனிக்கிழமை நல்ல வெயில். லாம்பேர் பனிமூட்டத்தைத்தான் எதிர்பார்த்திருந்தார். மூட்டத்தில் எங்கள் ஊர் ஒரு கதைப்புத்தகத்தின் முதல் பக்கம் மாதிரி இருக்கும்; வெயிலில் ஒவ்வொரு துருவும் தெரியும். ஆனாலும் மூவரும் மதியம் உள்ளே நுழைந்தபோது லாம்பேரின் முகம் மலர்ந்திருந்தது. வீடு மருமகனுக்குப் பிடித்துவிட்டது என்று அந்த முகமே சொன்னது.

மருமகன் வூட்டர், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரவேண்டிய உயரம். எல்லோருக்கும் கைகொடுத்தார். எங்கள் வழக்கப்படி அந்த நிமிடமே யாராவது "வழி தவறிட்டியா?" என்று ஆரம்பித்திருக்க வேண்டும். யாரும் வாய் திறக்கவில்லை. ஜில்பேர் சாவு வீட்டில் நிற்பதுபோல் எழுந்து நின்று கைகொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

வெல்லப்பாகு நிறத்தில் பேரிக்காய்க் குழம்பு ஊற்றிய இறைச்சி உருண்டைகளும் வறுத்த உருளைக்கிழங்கும் கொண்டுவந்து வைத்தேன். ஒரேலி சாப்பிடாமல் முள்கரண்டியால் குழம்பில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு இந்த மேஜையில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள், அப்பாவின் ஷிஃப்ட் முடியும்வரை.

"தோட்டம் நல்லா இருக்கு" என்றார் வூட்டர். அவர் பேசும் பிரெஞ்சு பின்னால் கற்றது; சுத்தமானது, மெதுவானது. "கூரை உறுதியா இருக்கு. மேல் அறையிலிருந்து ஆறு தெரியுது. எனக்குப் பிடிச்சிருக்கு."

"நல்ல ஊருங்க" என்றான் நுன்சியோ.

"காத்து சுத்தம்" என்றார் ஜில்பேர். "இப்போ புகையே கிடையாது பாருங்க."

"ஆளுங்க ரொம்ப அமைதி" என்றான் நுன்சியோ. அவன் நெற்றியில் வியர்வை. இன்னொன்றைத் தேடினான். "வண்டி நிறுத்த நிறைய இடம் இருக்கு."

வூட்டர் அவர்களை மாறி மாறிப் பார்த்தார். விரிசல் தேடும் கண்கள்.

"பள்ளிக்கூடம் எப்படி?"

"நல்ல பள்ளிக்கூடம்" என்றார் ஜில்பேர் உடனே. அது மூடி வெகுகாலமாகிறது. ஒரேலி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தன் பீரைப் பார்த்துக்கொண்டார்.

"டாக்டர்?"

"பக்கத்துலதான்" என்றான் நுன்சியோ. "பஸ் ஏறுனா."

வூட்டர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மாமா, தப்பா நினைக்காதீங்க. இவங்க எல்லாரும் ரொம்ப நல்லவிதமா சொல்றாங்க. ஏதோ சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கு. நீங்களே சொல்லுங்க. நான் உங்களைத்தான் நம்புவேன். என் வயசுல, வயித்துப் பிள்ளையோட இருக்கற பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, நீங்களா இருந்தா இங்க குடிவருவீங்களா?"



லாம்பேர் "வருவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லத்தான் அவர் மூச்சை இழுத்தார், நான் பார்த்தேன். ஆனால் எங்கள் ஊரில் பிறந்த மனிதரிடம் வெளியாள் ஒருவர் ஊரைப் பற்றி நேராகக் கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான். அதுவும், மகள் பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்ற மகிழ்ச்சியில் இருக்கும் மனிதருக்கு வாய் தானாகப் பேசும்.

"இங்கயா?" என்றார் லாம்பேர், ஒரு கண்ணைச் சிமிட்டி. "மாப்ளே, உங்க வயசுல எனக்கு ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு. திரும்பிப் பாக்காம ஓடியிருப்பேன். உலை போச்சு, பள்ளிக்கூடம் போச்சு, டாக்டர் போயாச்சு. பாதிரியார்கூட ஞாயித்துக்கிழமைக்கு வெளியூர்லேர்ந்துதான் வர்றாரு, பூசை முடிஞ்சதும் ஓடிடறாரு. இங்க மிச்சம் இருக்கறது நாங்களும் எங்க நுரையீரலும்தான். அதுலயும் பாதி தூசி."

நுன்சியோவுக்கு அடக்கிவைத்த சிரிப்பு பீறிட்டது. நானும் சிரித்தேன். அறையே மூச்சு விட்டது. லாம்பேர் கண்ணாடிக் குவளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மருமகனின் முகத்தையே பார்த்தார். இப்போது வரவேண்டியது அந்த ஒரு வாக்கியம். ஜில்பேர் வூட்டருக்கு பீர் சொல்ல என் பக்கம் விரலைக்கூட உயர்த்திவிட்டார்.

வூட்டர் சிரிக்கவில்லை. கேட்டதை அடுக்கிவைப்பதுபோல் மெல்லத் தலையாட்டினார்.

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, மாமா" என்றார். "இப்படிச் சொல்றது உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு புரியுது."

லாம்பேரின் குவளை அப்படியே நின்றது. "இல்ல மாப்ளே, அது சும்மா... நாங்க அப்படித்தான்..." சொன்னதில் எது பொய் என்று எடுத்துக்காட்டுவது?

அவர் மகள் பக்கம் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம். அவள் இந்த மேஜையில் வளர்ந்தவள். வழி தவறி வந்த லாரி டிரைவர்களிடம் சிறுமியாக இருந்தபோதே, "மாமா, ஆத்துத் தண்ணியில கை வைக்காதீங்க, விரல் திரும்பி வராது" என்று சொல்லி எங்களைச் சிரிக்க வைத்தவள். இது விளையாட்டு என்று அவளுக்குத் தெரியும். "வூட்டர், அப்பா விளையாடறாரு" என்று சொன்னால் போதும்.

ஒரேலி எங்கள் எல்லோரையும் பார்த்தாள். ஜன்னல் வழியாகத் தெரிந்த ஆலை வாசலையும் அதன் பின்னால் வெயிலில் நின்ற மரங்களையும் பார்த்தாள். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அப்பா சொல்றது சரிதான்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இவ்வளவு நாளாகத் தான் சொல்ல முடியாமலிருந்ததை யாரோ சொல்லிவிட்ட ஆறுதல்தான் இருந்தது. லாம்பேருக்கும் அது கேட்டது. குவளையைக் கீழே வைத்தார். கொஞ்சம் சிந்தியது, துணியால் துடைத்தேன்.

அதன் பிறகு மூவரும் குழந்தைக்கு வைக்கப்போகும் பெயரைப் பற்றிப் பேசினார்கள். சாப்பாடு ரொம்ப நன்றாக இருந்தது என்று வூட்டர் என்னிடம் சொன்னார், மனதாரச் சொன்னார். கார் கிளம்பும்போது ஒரேலி கண்ணாடியை இறக்கி, "அப்பா, நீங்க எங்ககூட வந்துடுங்களேன்" என்றாள். "பாக்கலாம்மா" என்றார். அவர்கள் வாடகை வீட்டில் இருப்பது ஒரே படுக்கையறை என்று மூவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும்போது கவனித்தேன், பக்கத்து வீட்டு ஷட்டர்கள் இறங்கியே இருந்தன. திங்களும் அப்படியே. "லாம்பேர், ஷட்டரைத் தூக்கலையா?" என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றார்.

திருடர்கள் அந்த வாரமே வந்துவிட்டார்கள். சமையலறைக் குழாய், கொதிகலன், மாடிக்கு ஏறும் குழாய், எல்லாவற்றையும் சுவரோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். தரை முழுக்கத் தண்ணீர். மறுநாள் லாம்பேர் ஈரமான பூட்ஸோடு வந்து உட்கார்ந்து, வழக்கமான குரலில் சொன்னார்:

"தெருவுல இருந்த கடைசிச் செம்பும் போச்சு. இனிமே திருடன்கூட இந்த ஊருக்கு வரமாட்டான்."

நல்ல ஜோக்தான். சிரிப்பதற்காகவே சொன்னார். ஜில்பேர் செய்தித்தாளை மடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நுன்சியோ தன் பீரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரிடமும் இல்லாமல், "ஊர் அவ்வளவு மோசமில்லையே" என்றான்.

எங்களில் ஒருவன் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அது வெளியாள் சொல்ல வேண்டிய வரி. சொன்னவனுக்கு ஒருவர் பீர் வாங்கித் தர வேண்டும். யாரும் விரலை உயர்த்தவில்லை. நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று, ஏற்கெனவே துடைத்த குவளைகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.