இடது காது

இணைய ஏலம் முடியப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும்போது, விலை கேட்டவர் யாராவது இருந்தால், விற்பவர் அதை நிறுத்த முடியாது. இந்த விதி நோரீனுக்குத் தெரியாததல்ல. இத்தனை நாள் அது தன் நன்மைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அடுப்பில் பீன்ஸ் சூப் அடிபிடிக்கிற வாசனைகூடத் தெரியாமல், கணினித் திரையின் மூலையில் குறைந்துகொண்டே வரும் நேரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஏலத்தில் இருந்தது ஒரு நாய்ப் பொம்மை. உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், மேலே வெல்வெட் மாதிரி மெத்தென்ற பூச்சு. காரின் முன்பலகையில் வைத்தால் வண்டி ஆடுகிற ஆட்டத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே வரும். மூடிப்போன ஒரு பெட்ரோல் பங்க் கடையிலிருந்து அவளும் அவள் புருஷன் லைலும் ஒரு பெட்டி நிறைய வாங்கி வந்தார்கள். பாடும் ரப்பர் மீன், உட்கார்ந்தால் சத்தம் போடுகிற மெத்தை, சாவி கொடுத்தால் கடகடவென்று நடக்கிற பல்செட் என்று ஒஹாயோவின் லைமா ஊரில் இருந்த அத்தனை குப்பையும் அவர்கள் கராஜில்தான் இருந்தது. ஆனால் நாயை மட்டும் ஒருவரும் சீந்தவில்லை. 'தலையாட்டும் நாய், பழசு, நல்ல நிலை' என்று எழுதியிருந்தாள். ஒரு வாரம் கிடந்து காலாவதியாகித் திரும்பி வந்தது.

"போலீஸ் ரிப்போர்ட் மாதிரி எழுதினா யாரு வாங்குவா?" என்றான் லைல். "சாமானை விக்காதே நோரீன். அதோட வாழ்ந்த வாழ்க்கைய வில்லு."

அவள் உட்கார்ந்து புதிதாக எழுதினாள். தேடுகிறவர்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடுவார்களோ அதைத் தலைப்பில் வைத்தாள். குறையை மறைக்காமல் முதலில் சொன்னாள்: வாலில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தாள், அளவு தெரியட்டும் என்று. அதுவரை எல்லாம் சரி. கடைசியில்தான் கை அடங்கவில்லை. 'எண்ணெய் ஆலையில் வேலை பார்த்த என் அப்பா தன் பிக்கப் வண்டியில் இதை முப்பது வருஷம் வைத்திருந்தார். சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி, என்ன சொல்றே முதலாளி என்று கேட்பார். அது ஆமாம் ஆமாம் என்று ஆட்டும்.'

அப்பா கேட்டது நிஜம். நாய் ஆட்டியதும் நிஜம். இந்த நாய்தான் அந்த நாய் என்பது மட்டும் பொய்.

அந்த ஒரு பத்தி செய்த வேலையைப் பாருங்கள். இரண்டு பேர் போட்டி போட ஆரம்பித்தார்கள். பெயரெல்லாம் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருந்தது, ஒருவர் ஏழில் முடிகிறவர், இன்னொருவர் 'எஸ்' எழுத்தில். லைல் சமையலறையில் நின்று ஒரு குத்தாட்டமே போட்டான். அப்புறம்தான் அந்த எஸ் ஆசாமியிடமிருந்து கேள்வி வந்தது.

'இந்த நாய்க்கு இடது காது நுனி கருகியிருக்கா? இருந்தா ஒரு படம் போடுங்க.'

நோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் நாயுடைய அந்தக் காதைப் பற்றி உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அப்பா போய்விட்டார். மிச்சம் அவளும், சின்ன வயதில் அப்பாவின் லைட்டரை எடுத்து அந்தக் காதைச் சுட்டுப் பார்த்து முதுகில் அடி வாங்கிய அவள் தம்பி கர்ட்டும்தான்.

அப்பாவின் சாமான்களைப் பங்கு போட்டபோது கர்ட் அந்த நாயைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. ஆனால் அதற்குள் நோரீன் பிக்கப்பை விற்றுவிட்டிருந்தாள், முன்பலகையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல். வாங்கியவன் வண்டியைப் பிரித்து உதிரிப் பாகமாக்கிவிட்டான். "ஒண்ணே ஒண்ணுதானேக்கா கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போன கர்ட், அதன் பிறகு பேசவில்லை. நாட்டின் அந்தக் கோடியில், ஐடஹோ பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. கிறிஸ்துமஸ் அட்டை அனுப்பினால் திரும்பி வந்தது.

இப்போது அவன் நினைத்துக்கொண்டிருப்பான்: நாய் கிடைத்துவிட்டது. இல்லை, அதைவிட மோசமாக: நாய் அக்காவிடமேதான் இருந்திருக்கிறது, அவள் அதை ஏலத்தில் விடுகிறாள்.

லைல் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து படித்தான். அவனுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே? காதுல லைட்டரைக் காட்டினா ஒரு நிமிஷ வேலை. அவனுக்கு நாய் கிடைக்கும், உனக்குத் தம்பி கிடைப்பான். யாருக்கு என்ன நஷ்டம்?"

"வாய மூடு, லைல்."

"நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வாயை மூடச் சொன்னாளே தவிர, நாயையும் லைட்டரையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போனதும் அவள்தான். அவன் சொன்னதில் என்ன தப்பு என்று மனசு வக்காலத்து வாங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை இழுத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லைட்டரைத் தட்டினாள். சுடரை இடது காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நாய் அவள் கை அசைவுக்கு ஆமாம் ஆமாம் என்றது.

கர்ட் இதை வாங்குவான். காதைத் தடவிப் பார்ப்பான். தடவிவிட்டு அழுதாலும் அழுவான், சின்ன வயதிலிருந்தே அவன் அழுமூஞ்சி. வண்டியில் வைப்பான், சிவப்பு விளக்கில் தட்டுவான், தன் பிள்ளைகளிடம் தாத்தா கதை சொல்வான். ஒவ்வொரு தடவையும் அவள் அதைக் கேட்டுக்கொண்டு சிரிக்க வேண்டும். அப்படி ஒரு தம்பி கிடைத்து அவள் என்ன செய்வாள்?

சுடரை அணைத்தாள். உள்ளே வந்து, காது முழுசாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்தாள். விலை மறுபடி ஏறியிருந்தது. கடைசியாகக் கேட்டிருந்தவன் அவன்தான். நேரம் நிமிடக் கணக்குக்கு வந்திருந்தது.

'கர்ட், நான் நோரீன். காது கருகல. இது அப்பாவோடது இல்ல. ஒரு பெட்டி நிறைய வாங்கினதுல ஒண்ணு. விக்கணும்னு அப்படி எழுதினேன், என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அவரோட நாய் வண்டியோட போயிடுச்சுடா. நிஜமாவே போயிடுச்சு. இதுக்கு மேல விலை கேக்காதே.'

படத்தோடு அனுப்பினாள். படித்தாகிவிட்டது என்பதற்கான குறி உடனே வந்தது. பதில் வரவில்லை.

"என்னம்மா பண்ணித் தொலைச்சே?" என்று லைல் தலையில் கை வைத்துக்கொண்டான். அவள் காதில் அது விழவேயில்லை. ஏழு ஆசாமி விலையை ஏற்றினான். அவ்வளவுதான், கர்ட் போய்விட்டான், இந்த முறை ஒரேயடியாக. அப்பாவின் வாயிலிருந்து வந்த வார்த்தையை விலைக்கு விற்றவளோடு இனி எவன் பேசுவான்? எண்கள் சிவப்பாக மாறின. கடைசி நொடிகள். நோரீன் திரையைப் பார்க்க முடியாமல் நாயைப் பார்த்தாள்.

கணினி சிணுங்கியது. விற்றுவிட்டது.

வாங்கியவர் எஸ் ஆசாமி. ஏல முடிவோடு, பெயர் மறைப்பு விலகி, அனுப்ப வேண்டிய விலாசம் வந்து நின்றது. கர்ட் ஹோல்டர்மன். பைன் தெரு. ஃபின்லே, ஒஹாயோ.

அவள் திரும்பப் படித்தாள். ஐடஹோ இல்லை. ஃபின்லே. நெடுஞ்சாலையைப் பிடித்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. பல் வைத்தியரிடம் போக மாதாமாதம் அவள் போய் வருகிற ஊர். எத்தனை நாளாக அங்கே இருக்கிறான்? எந்தக் கடையில் எந்த வரிசையில் அவள் முதுகைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கிறான்?

"பெட்டி எடுத்துட்டு வரட்டுமா? நாளைக்குத் தபால்ல போட்டுடலாம்," என்றான் லைல் மெதுவாக.

"வேண்டாம். சூப்பை இறக்கு."

நாயைக் கையில் பிடித்தபடியே காருக்குப் போனாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. முன்பலகையில் நாயை வைத்தாள். கோட்டுப் பையில் உறுத்திய லைட்டரை எடுத்து, வீட்டுக்குள் திருப்பி வைப்பதா என்று யோசித்து, பக்கத்து இருக்கையில் போட்டாள். காதைச் சுடுவதானால் கர்ட் தன் கையாலேயே சுடட்டும். கதவைத் திறக்காமலே போனாலும் போகட்டும்.

ஊர் எல்லையில் சிவப்பு விளக்கு விழுந்தது. அவள் கை தானாக நீண்டு, நாயின் தலைக்கு மேலே, தட்டாமல் நின்றது. எஞ்சினின் அதிர்வுக்கு நாய் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.