டெஸ்ட் டிரைவர்

பெரியவரின் வலது முழங்காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு பத்து வரை எண்ணிக்கொண்டிருந்தேன். மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது; வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். ஏழு வந்தபோது அவருடைய மருமகன் அறைக்குள் எட்டிப் பார்த்து, “வெளிய நிக்கிற பச்சைக் கார் உங்களோடதா மேடம்?” என்று கேட்டார். யாருடைய வாசலையோ மறித்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்து, “இதோ எடுத்துடறேன்” என்றேன்.

“ஐயோ, எடுக்க வேணாம். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?”

“என் முட்டிய ஒருத்தரும் போட்டோ எடுக்க மாட்டேங்கறான்” என்று பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் சிரித்தபடி எட்டு என்றேன்.

பன்னிரண்டு வருடப் பழைய கார் அது. கதவில் ஒரு நசுங்கல், பின்கண்ணாடியில் என் மகள் ஒட்டிய பூனைப் படங்கள். அதைப் போய் யார் படம் எடுப்பார்கள்? ஆனால் நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது மருமகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் சினிமா நடிகையைக் கண்டது போல ஒரு பரவசம்.

“அப்போ டெஸ்ட் டிரைவர் நீங்கதானா மேடம்!”

புரியாமல் விழித்தேன். அவர் தன் போனை எடுத்து, பழைய கார்களை வைத்திருப்பவர்களின் குழு ஒன்றைத் திறந்து என் கையில் கொடுத்தார். ‘ஸ்ட்ரோக்கர் எஞ்சின் தினசரி ஓட்டத்துக்குத் தாங்குமா?’ என்று தலைப்பு. கீழே என் கார். எங்கள் வீட்டுச் சுவர். எழுதியவர் என் கணவர்.

அவருக்கு எஞ்சின் பிரித்துக் கட்டும் பட்டறை இருக்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு, “உன் வண்டி எண்ணெய் குடிக்குது, எஞ்சின இறக்கி ரிங் மாத்தணும்” என்று சொல்லிப் பத்து நாள் காரைப் பட்டறையில் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது கார் வேறு மாதிரி இருந்தது. மேட்டில் இழுத்த இழுப்பில் நான் அசந்துபோனேன். ரிங் மாற்றினால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். நாளுக்கு ஆறேழு வீடு, எழுபது கிலோமீட்டர் ஓட்டுகிறவள் நான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த இழுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

முதல் பதிவு இப்படி இருந்தது: “அதே பிளாக், புது கிராங்க். பிஸ்டன் எட்டு மில்லிமீட்டர் கூடுதலா ஏறி இறங்கும். ஆயிரத்து முந்நூறு சிசி இப்போ கிட்டத்தட்ட ஆயிரத்து ஐந்நூறு. இதெல்லாம் ரேஸுக்குத்தான், தினம் ஓட்டினா ஆறு மாசத்துல கையில வந்துடும்னு எல்லாரும் சொல்றீங்க. பாப்போம். ஓட்டப்போறது என் மனைவி. அவகிட்ட சொல்லல. சொன்னா பாத்துப் பாத்து ஓட்டுவா, டெஸ்ட் ஒழுங்கா வராது.” ரிங் மட்டுமல்ல, பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டையே மாற்றி எஞ்சினின் சக்தியைக் கூட்டியிருக்கிறார்.

“மேடத்துக்கு இப்போவும் தெரியாதா?” என்று மருமகன் கேட்டார். அதுவரை இருந்த சிரிப்பு அவர் முகத்தில் பாதியில் நின்றுவிட்டது. “தெரியும், தெரியும்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் என் புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லையோ என்னவோ. அந்தப் பதிவுகளை எனக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்தி, அடுத்த வீட்டுக்குப் போகாமல், முழுவதையும் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் என் கணவர் பானெட்டைத் திறந்து எண்ணெய் பார்ப்பார். கையைத் துடைத்துக்கொண்டே, “இந்த வாரம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா? மேட்டுல எப்படி இழுத்துச்சு? காலையில ஸ்டார்ட் பண்ணதும் உடனே கிளம்பிடறியா?” என்று விசாரிப்பார். அதிகம் பேசாத மனிதர். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் இருவருக்குமான பேச்சு. “இப்படி உக்காந்து கேக்கற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?” என்று என் தங்கையிடம் பெருமையடித்திருக்கிறேன். சொன்னதெல்லாம் ஞாயிறு ராத்திரியே குழுவில் ஏறியிருக்கிறது. “இந்த வாரம் டெஸ்ட் டிரைவர் சொன்னது: மேட்டுல ரெண்டாவது கியரே வேணாம், சும்மா பறக்குது.” கீழே நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். “எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியே மிதிக்கறா, நல்லது, அதுதான் நிஜ டெஸ்ட்” என்று வேறொன்று.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆண்களுக்கு விளையாட்டுப் புத்தி போகாது என்று சண்டை போட்டு, நாலு நாள் பேசாமல் இருந்து, விட்டிருப்பேன்.

ஆனால் ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, ஆற்றுப் பாலத்தின் நடுவில் கார் நின்றுவிட்டது. முன்னால் வெள்ளைப் புகை. அவளுக்கு அப்போது ஆறு வயது. லாரிகள் உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் பாலம் அதிர, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது விழாதுல்லம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்துக் கயிற்றோடு வந்த அவர், நனைந்தபடி பானெட்டுக்குள் பார்த்துவிட்டு, “டெம்பரேச்சர் முள்ளப் பாக்கவே மாட்டியா நீ?” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு மட்டுமல்ல, அந்த வாரம் முழுக்க. பிறகு பல மாதங்கள் ரோட்டைப் பார்த்த நேரத்தைவிட அந்த முள்ளைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

அன்று ராத்திரி அவர் எழுதியிருந்தது: “முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்ல ஹெட் கேஸ்கெட் போச்சு. கம்ப்ரஷன் கூட வச்சுட்டேன். தப்பு என்னோடது. டெஸ்ட் டிரைவர் மேல ஒரு தப்பும் இல்ல.”

அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்ல வந்த வாய், அடுத்த அறையில் அழுதுகொண்டிருந்த எனக்குச் சொல்ல வரவில்லை.

அதற்குப் பிறகு இன்னொன்றும் இருந்தது. தங்கையின் பிரசவத்துக்கு நான் போயிருந்தபோது எஞ்சினின் அடிப்பாகத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்த படம். “இதோட நிறுத்துங்க சார், ராடு உடைஞ்சா ஓட்டறப்பவே எஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டுல நின்னுடும்” என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். “பேரிங் மாத்திட்டேன். இன்னும் கொஞ்சம் ஓட்டிப் பாப்போம்” என்று பதில். தேதியைப் பார்த்தேன். மறுவாரம் நானும் மகளும் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் என் அக்கா வீட்டுக்கு அதே காரில் போனோம். வாசலில் நின்று கையசைத்தார்.

மாலையில் அவர் வந்து கை கழுவி உட்காரும்வரை காத்திருந்தேன். மகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“பாலத்துல வண்டி நின்னது யார் தப்பு?”

துண்டால் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. “யாரு காட்டினா?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“கம்ப்ரஷன் கொஞ்சம் கூட வச்சிருந்தேன். அதை அப்பவே சரி பண்ணிட்டேன்.” பிறகு வேகமாகப் பேச ஆரம்பித்தார். “எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒருத்தரும் நம்பல. ரெண்டே ரெண்டு பிரச்சனைதான் வந்துச்சு. கம்பெனில இருந்து வர்ற புது எஞ்சின்லயே இதைவிட அதிகமா வருது. அதைப் பாத்துத்தான் இப்ப பட்டறைக்கு இத்தனை பேர் வர்றாங்க.”

“நான் எஞ்சினப் பத்திக் கேக்கலங்க.”

“வேற யாரை நம்பிக் குடுப்பேன்? உன்ன மாதிரி ஒரே சீரா ஓட்டறவங்க யாரு இருக்கா?”

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“பாப்பா பின்னாடி உக்காந்திருந்தா” என்றேன்.

உள்ளேயிருந்து மகள், “அம்மா, இருபத்தி நாலுல எட்டு எத்தனை தடவ போகும்?” என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் அவர் நான் எழுவதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். காரைப் பட்டறையில் விட்டுவிட்டு மகளைப் பஸ்ஸில் பள்ளிக்குக் கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன். பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. ஒரு கணவன், இடுப்பில் குழந்தையோடு ஒரு மனைவி. அந்தக் கணவன் என் காரைப் பார்த்ததும் துள்ளினான். “பாத்தியா, நான் சொன்னேன்ல, அந்த வண்டி இதுதான்! ஓட்டறவங்களே வந்துட்டாங்க. நீயே கேட்டுக்கோ.”

என் கணவர் காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் அடியில் நின்றிருந்தார். கையில் டார்ச்.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். “அக்கா, ஆஃபீஸ், பாப்பாவ விடற க்ரெஷ், எல்லாத்துக்கும் நான்தான் ஓட்டணும். இந்த மாதிரி எஞ்சின் போட்டா நம்பி ஓட்டலாமா?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை ஞாயிற்றுக்கிழமைப் பார்வை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அறியும் ஆவல், அந்த நிலையிலும், அதில் இருந்தது.

“நல்லா இழுக்கும்மா” என்றேன். “பெட்ரோல் கொஞ்சம் கூடப் போகும். ஒரு தடவ பாலத்து நடுவுல நின்னுடுச்சு. கேஸ்கெட். அது கட்டும்போதே நடந்த தப்பு. ஒரு தடவ உள்ள பேரிங் தேய்ஞ்சிருந்துச்சு. அது யார் தப்புன்னோ, பேரிங் தேய்ஞ்சதோ நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது. எஞ்சின் மாத்தினதே தெரியாது.”

குழந்தையின் கால் அவள் இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு நெடுநேரம் தன் கணவனைப் பார்த்தாள். “யோசிச்சு சொல்றோம் சார்” என்று அவன் முணுமுணுத்தான். யாருக்கும் கேட்காத மாதிரி.

“பழைய கிராங்க் இருக்கா?” என்று என் கணவரைக் கேட்டேன்.

“இருக்கு.”

“அதைப் போட்டுட்டு சொல்லுங்க.”

சாவியை அவருடைய மேஜைமேல், எண்ணெய்க் கறை படிந்த துணிகளுக்கு நடுவில் வைத்தேன். என் பையையும் மகளின் பையையும் எடுத்துக்கொண்டேன். “ஏன்மா நடக்கறோம்?” என்று அவள் கேட்டாள். “பஸ்ல போலாம்” என்றேன். அவளுக்கு ஒரே குஷி. கடைசி சீட்தான் வேண்டும் என்றாள்.

பஸ் கிளம்பிச் சிறிது தூரம் போனதும் அவள் சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடியில் மூக்கை வைத்து, “அம்மா, அப்பா நம்ம வண்டில வர்றாரு” என்றாள். நான் திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக உயர்ந்துகொண்டிருந்தன. அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்றது. ஒரு பாட்டி பொறுமையாக இறங்கினார். “அப்பாவும் நின்னுட்டாரு” என்றாள். பஸ் கிளம்பியது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் பஸ் திணறிக்கொண்டு ஊர்ந்தபோது, வலது பக்கம் காலியாகத்தான் இருந்தது. நினைத்தால் ஒரே மிதியில் எங்களைத் தாண்டிப் போயிருக்கலாம்.

“முந்தவே மாட்டேங்கறாரும்மா” என்று சொல்லி, மகள் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த மங்கலில் விரலால் எதையோ வரையத் தொடங்கினாள்.