பென்சில் கோட்டுக்கு மேலே

திண்டுக்கல்லில் கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணம் என்றால், பிரியாணி மாஸ்டருக்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால் சூசைமாணிக்கத்துக்குச் சொல்லிவிடுவார்கள். மைக் செத்துப்போனாலும் கடைசி பெஞ்சு வரை கேட்கிற குரல் அவருக்கு. இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிற மனிதர், கோயிலில் வாசக மேடை ஏறிவிட்டால் பவுல் அடியாருக்கே சித்தப்பா மாதிரி ஆகிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் ஒரே வாசகம்தான், எபேசு நகரத்தாருக்குப் பவுல் எழுதிய கடிதம். மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று அவர் ஆரம்பித்ததும் ஆண்கள் பக்கம் ஒரு செருமல் கேட்கும். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொள்வார்கள்.

அதே வசனத்தை 2003 ஜூனில் தன் வீட்டுக்குள்ளும் பிரயோகித்தார். மனைவி புஷ்பமேரிக்கு வத்தலக்குண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பதவி வந்திருந்தது. பத்தொன்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். சம்மதமா இல்லையா என்று அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நீ ஏழு மணி பஸ்சுக்கு ஓடிட்டா இந்த வீட்டை யாரு பாக்குறது? வீட்டுக்குத் தலை புருஷன்னு வேதமே சொல்லுது. வேணாம்."

"சரிங்க" என்றாள் புஷ்பமேரி.

அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். அந்தச் 'சரிங்க' மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. ஆனாலும் இறங்கிவர மனசில்லை.

அந்த வாரமே அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண் ஏற்கெனவே மங்கல். கறுப்புக் கண்ணாடியைப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். தினம் மூன்று வேளை சொட்டு மருந்து. மத்தியான மணி அடித்ததும் புஷ்பமேரி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவருவாள். "மேல பாருங்க" என்று சொல்லி இரண்டு விரலால் இமையைப் பிரித்து விடுவாள். விரலில் சாக்பீஸ் வாசனை அடிக்கும். வீட்டுக்குத் தலை, குளிக்கப் போவதற்குக்கூட அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

அடுத்த புதன்கிழமை அவர் தம்பி மகள் ஐரினுக்குக் கல்யாணம். "அண்ணனால வாசிக்க முடியாதே, டீச்சர் வாசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார் பங்குச் சாமியார். சூசைமாணிக்கத்துக்கு முகம் சுருங்கிப்போனது. சரி, மேடை கைவிட்டுப் போனாலும் பயிற்சி நம் கையில்தானே என்று தேற்றிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கோயிலிலிருந்து எடுத்துவந்த வாசகப் புத்தகத்தை அவளிடம் விரிக்கச் சொன்னார்.

அவள் முதல் வரியை வாசித்ததுமே கையைத் தூக்கினார். "நில்லு, நில்லு. இது எங்கருந்து வந்துச்சு? பென்சில் கோடு போட்டிருக்கும் பாரு, அதுலருந்து வாசி."

"கோட்டுக்கு மேல ஒரு வரி இருக்குங்க. கிறிஸ்துவுக்குப் பயந்து ஒருத்தருக்கொருத்தர் அடங்கி நடங்கன்னு. அதுதான் ஆரம்பம்."

கோடு சூசைமாணிக்கம் போட்டதுதான். முதன்முதலாக வாசித்த அன்று கோயிலில் மூன்று கல்யாணம். சுருக்கமாக முடிக்கச் சொல்லி அப்போதிருந்த சாமியார் அவசரப்படுத்தினார். காதில் செருகியிருந்த கடைப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து, மேலே இருந்ததை விட்டுவிட்டார். அதற்கப்புறம் மேலே பார்க்கவே இல்லை.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"நம்ம கல்யாணத்துல வாசிச்சதுதானங்க. எனக்கு மறக்குமா?"

"பெறகு ஏன் சொல்லல?"

"அம்புட்டு ஆசையா வாசிப்பீங்க. குறை சொல்ல மனசு வரல."

அந்த இடத்திலேயே மனுஷன் உருகியிருக்க வேண்டும். வறட்டுக் கௌரவம் விடவில்லை. "நாளைக்குப் புதுசா ஆரம்பிச்சா, சூசைமாணிக்கம் இம்புட்டு நாளா முழுங்கிட்டான்னு ஊரு சிரிக்கும். கோட்டுலருந்தே வாசி."

"சரிங்க" என்றாள், அதே குரலில்.

மறுநாள் கோயிலில் அவரைக் கைபிடித்து முதல் பெஞ்சில் உட்காரவைத்து, கைப்பையை மடியில் கொடுத்துவிட்டு மேடைக்குப் போனாள். பைக்குள் அவள் காலையில் எழுதிய கடிதம் இருந்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பதவி வேண்டாம் என்று எழுதியிருந்தாள். எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்தும் காட்டியிருந்தாள்.

மேடையில் பக்கம் புரளும் சத்தம் கேட்டது. மேல் வரியை வாசித்துவிடுவாள் என்று அவர் நினைத்தார். வாசித்துவிட்டால் தேவலை என்றும் நினைத்தார். அவள் கோட்டிலிருந்துதான் ஆரம்பித்தாள். மனைவி அடங்கி நடக்க வேண்டும் என்று தன் வாயாலேயே, வகுப்பறைக்கு மட்டும் எட்டுகிற சின்னக் குரலில் சொன்னாள். அவர் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். மடியிலிருந்த பை கனத்தது. அவரால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றார். "புஷ்பம், செத்த நில்லு."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சூசைமாணிக்கம் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரலில், ஒருவருக்கொருவர் அடங்கி நடக்கச் சொல்லும் அந்த வரியைச் சொன்னார்.

"இது இருபத்திரண்டு வருஷமா நான் விட்ட வரி. மொதல்ல இது. மத்ததெல்லாம் இதுக்குப் பெறகுதான்." சொல்லி முடிப்பதற்குள் அந்தக் குரல் உடைந்துபோனது.

"முதல்லேருந்து வாசிங்க டீச்சர்" என்றார் சாமியார்.

அவள் வாசித்தாள். கணவன் தன் உடம்பைப் போல மனைவியை நேசிக்க வேண்டும் என்ற இடத்தில் அவளுக்கும் குரல் தடுமாறியது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் திட்டினாள். "கோயில்ல இப்படியா எந்திரிச்சு நிப்பீங்க?"

அவர் கைப்பையை நீட்டினார். "அந்த லெட்டரக் கிழிச்சுப் போடு. வாரேன்னு வேற எழுதிக் குடு."

பையை அவள் வாங்கிக்கொண்டாள். போய்விட்டாளோ என்று கையை நீட்டித் துழாவினார். அவள் அங்கேயேதான் நின்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மருந்து யாரு விடுவா?"

"நானே விட்டுக்கிருவேன். பாதி கன்னத்துல வழியும். வழியட்டும்."

"காலையில பஸ்சுக்கு முன்னாடியும் சாயங்காலமும் நான் விடுறேன். மத்தியானத்துக்கு மட்டும் நீங்க விட்டுக்கங்க. மேல பாத்து விடணும். குழம்பும் வெஞ்சனமும் மூடி வச்சிருப்பேன், சோறு நீங்களே போட்டுக்கிறணும்."

"சரிங்க" என்றார் சூசைமாணிக்கம்.