மாமா அனுப்பிய ஸ்டிக்கர்

மாமா, அக்கா ஏன் குடும்ப குரூப்பை விட்டுப் போனாள் என்று நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். மூன்று தடவையும் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு நழுவிவிட்டேன். நீங்கள் அனுப்பிய ஸ்டிக்கரால்தான் அவள் போனாள் என்று அம்மா உங்களோடு பேசுவதில்லையாமே. உங்கள்மேல் தப்பு இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக அனுப்புகிறேன். அம்மாவை உட்காரவைத்து நீங்களே படித்துக் காட்டுங்கள்.

இதை நான் தட்டவில்லை. போனிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது. நாம் வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் இதற்குப் பாதி புரிவதில்லை. 'வந்துட்டேன்' என்றால் 'வந்து தேன்' என்று எழுதுகிறது. அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டியிருக்கிறது. ஊரை விட்டுப் போனதும் இவன் இலக்கணம் பேச ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் பேசியதை மட்டும் விரலால் தட்டுகிறேன். அது அவர்கள் பேசியபடியே இருக்கட்டும்.

அக்கா தனியாக வீடு பார்த்துக் குட்டியோடு குடிபோன அன்று குரூப்பில் ஒரு படம் போட்டாளே, நினைவிருக்கிறதா? முன் அறையின் சுவர். அவளே பச்சை பெயிண்ட் அடித்திருந்தாள். ஏணி இல்லை, முக்காலியில் ஏறி நின்று அடித்திருக்கிறாள். கை எட்டிய உயரம்வரை பச்சை, அதற்கு மேல் பழைய வெள்ளை. நீங்கள் கட்டைவிரல் போட்டீர்கள். அம்மா கும்பிடு போட்டாள்.

நான் அப்போது வேலையில் இருந்தேன். 'கம்ப்யூட்டர் கம்பெனி' என்று உங்களிடம் சொல்லியிருந்தேன் அல்லவா. அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. பழைய வீடியோ கேம் பெட்டிகளை மொத்தமாக வாங்கி, சுத்தம் செய்து, ஓடுகிறதா என்று பார்த்து, இணையத்தில் விற்கிற இடம். நான்கு திருகாணியைக் கழற்றி, காற்றடித்துத் தூசியை எடுத்து, கேசட் உட்காரும் பற்களை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். மஞ்சளாகிப்போன மூடியை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து விளக்கடியில் வைத்தால் இரண்டு நாளில் வெளுத்துவிடும். கடைசியில், இரண்டு ஜாய்ஸ்டிக்கும் வேலை செய்கிறதா என்று பார்க்க, இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம் ஒன்றைப் போட வேண்டும். மேசைக்கு ஒரு ஆள்தான். அதனால் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது தடவை நானே என்னை அடித்து வீழ்த்துகிறேன்.

அங்கே நம் மொழி பேசுகிறவன் இன்னொருவன்தான். எதைக் கேட்டாலும் 'அதுக்கு வாரண்டி இல்ல' என்று சொல்வதால் அவன் பெயரே வாரண்டி. சேர்ந்த புதிதில், இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று அவனிடம் கேட்டேன்.

"சின்ன வயசுல வெச்சிருந்தவன் வாங்க மாட்டான். பக்கத்து வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தவன்தான் வாங்குவான்" என்றான். "இப்ப பெட்டி இருக்கும். கூட உக்காந்து ஆட ஆள் இருக்காது."

"அப்ப வாங்கி என்ன பண்ணுவாங்க?"

"அதுக்கு வாரண்டி இல்ல."

அக்காவின் படம் வந்தபோது என் கையில் கையுறை, பக்கத்தில் காற்றடிக்கும் மோட்டார் இரைச்சல். போனைப் பார்த்து 'வீடு அழகா இருக்கு' என்று கத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், என் பெயருக்குக் கீழே 'வீடு அழுக்கா இருக்கு' என்று இருந்தது. அதற்கும் நீங்கள் கட்டைவிரல் போட்டிருந்தீர்கள். அக்கா 'சரி' என்று மட்டும் போட்டிருந்தாள்.

உடனே திருத்தினேன், விளக்கினேன், மறுபடி விளக்கினேன். நாலாவது விளக்கத்துக்கு அவள் சிரித்து அழும் முகத்தை அனுப்பி, 'விடுடா, புரிஞ்சுது' என்றாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவிடாமல் செய்தது நான்தான்.

'பழைய பெட்டி' என்று ஒரு குரூப் இருக்கிறது மாமா. பழைய வீடியோ கேம் பைத்தியங்கள் நாலாயிரம் பேர், எங்கெங்கோ இருக்கிறார்கள். டப்பா டிவியில் ஆடினால்தான் ஆட்டம், தட்டை டிவியில் பட்டனை அழுத்திய பிறகு ஆள் யோசித்துத்தான் குதிக்கிறான் என்று ஒரு கட்சி. அதெல்லாம் பிரமை, உனக்கு வயதாகிவிட்டது என்று இன்னொரு கட்சி. கேசட்டின்மேல் இருந்த ஆங்கிலப் பெயரை யாரும் படித்ததில்லை, ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். நானும் அக்காவும் 'தொப்பை போலீஸ்' என்று சொன்ன ஆட்டத்தை வேறொரு வீட்டில் 'பால்காரர்' என்றிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா என்று இரண்டு நாள் சண்டை நடந்தது. வேலை வெட்டி இல்லாத சண்டைதான். ஆனால் கூப்பிட்டால் பதில் சொல்ல அங்கே எப்போதும் ஒருவர் விழித்திருந்தார்.

நான் அதுவரை ஓரமாக நின்று படித்துக்கொண்டிருந்தவன். ஒன்று எழுதினால் நாலு தடவை படித்துப் பார்த்து அழித்துவிடுவேன். அன்று என்ன தைரியமோ, நம் குரூப்பில் நடந்ததைப் படம் பிடித்து, பெயர்களை மறைத்து, 'பேசி எழுதும் வசதியால் என் அக்கா வீட்டில் எனக்கு இடம் போச்சு' என்று போட்டேன். சுவரை மறைக்கத் தோன்றவில்லை.

தொள்ளாயிரம் பேர் சிரித்தார்கள். எனக்கு 'அழுக்குத் தம்பி' என்று பெயர் வந்தது. காலையில் எழுந்தால் 'அழுக்குத் தம்பி, சாப்டாச்சா' என்று யாராவது கேட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் என்னைத் தினமும் விசாரித்தது போனில் இருக்கும் ஒரு பண்ணை விளையாட்டு மட்டும்தான். 'உங்களைக் காணோம், உங்கள் பயிர்கள் வாடுகின்றன' என்று மணி அடிக்கும். அதனால் இந்தப் பெயர் எனக்குக் கேவலமாகத் தெரியவில்லை. தினமும் ஏதாவது எழுத ஆரம்பித்தேன். பழைய ஆட்டத்தில் பாஸ் பட்டனை அழுத்தினால் அந்த உலகமே நின்று நமக்காகக் காத்திருக்கும், இப்போதைய ஆட்டங்களில் நாம் நின்றாலும் மற்றவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்று ஒரு நாள் எழுதினேன். இருநூறு பேருக்குப் பிடித்தது.

இதற்குள் யாரோ அந்தப் பச்சைச் சுவரை மட்டும் வெட்டியெடுத்து, மேலே 'வீடு அழுக்கா இருக்கு' என்று எழுதி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டார்கள். அது குரூப்பைத் தாண்டி ஊர் சுற்றப் போய்விட்டது. அலுவலகம் சரியில்லை என்றால் அந்த ஸ்டிக்கர், பரீட்சையில் மதிப்பெண் குறைந்தால் அந்த ஸ்டிக்கர். மூன்று வாரம் கழித்து அது உங்கள் போனுக்கு வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும், சுண்டுவிரல் நகம் அளவுப் படம். சிரிப்பாக இருக்கிறதே என்று நம் குரூப்பில் போட்டீர்கள். அம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. முக்காலியில் நின்று அடித்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

அவள் பெயரோடு 'வெளியேறினார்' என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

நான் உடனே பழைய பெட்டிக்குப் போய் என் பதிவை அழித்தேன். ஸ்டிக்கரை எல்லோரும் அழித்துவிடுங்கள், அது என் அக்காவின் வீடு, அவள் பார்த்துவிட்டாள் என்று கெஞ்சினேன். 'தம்பி, ஊர்ல மழ பேஞ்சப்புறம் மேகத்தப் புடிக்கப் போறீங்களா' என்றார் ஒருவர். இன்னொருவர் நான் கெஞ்சியதற்குப் பதிலாக அதே ஸ்டிக்கரைப் போட்டார். கெட்ட மனிதர்கள் இல்லை மாமா. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை பெயர் சொன்னவர்கள்தான். அவர்களுக்கு அது வெறும் சுவர்.

அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினேன். இதே மாதிரி போனிடம் சொல்லித்தான். பதினோரு தடவை அழித்து எழுதினேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அம்மா குரல் பதிவு அனுப்பினாள்: "அவ படிச்சா. யாரு எழுதிக் குடுத்ததுன்னு கேட்டா."

அப்போதுதான் எனக்குப் பட்டது. எட்டு மாதமாக நான் போனோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அது என் குரலை வாங்கி வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் உங்களுக்கு அனுப்புகிறது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. குரலைக் கேட்டால் அக்கா கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு விடுமுறை நாள், காலை பத்து மணி. அறையில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், நான் மாடிப்படிக்குப் போய் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லு."

"அக்கா, நான்தான்."

"பேரு வருது. சொல்லு."

"அந்த ஸ்டிக்கர்..."

"எது? அழுக்குத் தம்பி செஞ்சதா?"

அந்தப் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஸ்டிக்கர் ஓரத்துல 'பழைய பெட்டி'ன்னு போட்டிருந்துச்சு. எவன்டா என் வீட்டப் பாத்துச் சிரிக்கிறதுன்னு தேடிப் போனேன். உள்ள விடறதுக்கு ஒரு கேள்வி வேற கேட்டாங்க, உங்களுக்குப் பிடிச்ச பழைய ஆட்டம் எதுன்னு. தொப்பை போலீஸ்னேன். சேத்துக்கிட்டாங்க."

"அக்கா, நான் வேணும்னு..."

"இரு, நான் முடிச்சுக்கறேன். உள்ள போனதும் அழுக்குத் தம்பி நீதான்னு புரிஞ்சுது. உன்ன நாலு கேள்வி கேட்டு எழுதத்தான் நினைச்சேன். அதுக்குப் பதிலா, நீ எழுதினது பூராவையும் படிச்சேன்." அவள் போனிலிருந்து படித்தாள். "'ரெண்டு ஜாய்ஸ்டிக்கையும் ஒரே ஆள் புடிச்சு ஆடினா, யாரு ஜெயிச்சதா அர்த்தம்?' எழுபது பேரு சிரிச்சிருக்காங்க. நான் சிரிக்கல."

"அது ஜோக்குக்கா."

"இது? 'லீவு நாள் பூரா வாயத் திறக்கல. சாயங்காலம் கடையில சோப்பு கேக்கும்போது குரலே வரல.'"

ஒரு நாள் முழுக்கத் தனியாக ஆட எந்த ஆட்டம் நல்லது என்று யாரோ கேட்டதற்கு நான் எழுதிய பதில் அது. எழுதியதே மறந்துபோயிருந்தது.

"முகம் தெரியாத நாலாயிரம் பேருக்கு இது தெரியுது. எனக்கு 'நான் நலமாக இருக்கிறேன்'னு வருது. அதுவும் முற்றுப்புள்ளி வெச்சு."

மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள், ஒதுங்கி வழிவிட்டேன்.

"அழறியா?"

"இல்ல."

"சரி. என் வீட்ட ஊருக்கே காட்டிட்ட. உன் ரூம எனக்குக் காட்டு."

"கேமரா ரிப்பேர்க்கா."

"எட்டு மாசமாவா? நீ பாக்கற வேலையே ரிப்பேர் வேலதானே."

அறைக்குப் போய்க் கேமராவைப் போட்டேன். அம்மா, இதை நீயும் கேட்டுக்கொள். என் அறையில் இரண்டு பேர் என்று சொன்னேன், ஆறு பேர். அடுக்குக் கட்டில் மூன்று. என்னுடையது மேல் தட்டு, விளக்கு கண்ணில் படாமல் இருக்கத் துணி கட்டி மறைத்திருக்கிறேன். நான் அதற்குள் ஏறிப் படுத்துக் கேமராவைச் சுற்றிலும் மெதுவாகத் திருப்பினேன்.

பக்கத்திலிருந்து குட்டியின் குரல் கேட்டது. "மாமா எதுக்கு அலமாரிக்குள்ள படுத்திருக்காரு?"

"நீ போயி விளையாடு" என்றாள் அக்கா. பிறகு என்னிடம், "ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. ஆணி அடிச்சிருக்காங்க."

"பெட்ஷீட் எப்ப துவைச்ச?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

"இன்னிக்கே துவை. நாளைக்கு எனக்குக் காட்டணும்."

"கோவம் போயிடுச்சா?"

"இல்ல. சுவரப் பாக்கறப்பல்லாம் வருது. மேல வரைக்கும் அடிச்சிடலாம்னு முந்தாநாள் வாளிய எடுத்தேன், அப்புறம் யாருக்காக அடிக்கறேன்னு கீழ வெச்சிட்டேன்."

"நான் அந்தக் குரூப்ப விட்டு வந்துடறேன்."

"வேணாம். அங்கதான் மனுஷன் மாதிரிப் பேசுற."

"நம்ம குரூப்புக்குத் திரும்ப வருவியா?"

"பாக்கலாம். முதல்ல மாமா தலையில விழுந்த பழிய எடு. அம்மாகிட்ட ரூமப் பத்தியும் நீயே சொல்லு. நான் சொன்னாலும் அது அழும், நீ சொன்னாலும் அழும். உன் முகத்தப் பாத்து அழட்டும்."

வைத்துவிட்டாள். அது நேற்று. அதன் பிறகுதான் நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், எனக்குச் சொல்லத் தைரியம் வர ஒரு ராத்திரி ஆயிற்று.

இதைப் படித்து முடித்ததும் அம்மாவைக் கொஞ்சம் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கழித்துக் கேமராவோடு கூப்பிடுகிறேன். பெட்ஷீட்டை அலசிப் படிக்கட்டுக் கம்பியில் போட்டிருக்கிறேன். இங்கே வெயில் இல்லை, இன்னும் காயவில்லை. வெறும் மெத்தைதான் தெரியும். அதில் ஓரமாக ஒரு கிழிசல் இருக்கிறது, நான் வருவதற்கு முன்பே இருந்தது. அதையும் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.